விரலால் கூராக்கிய லைனர் பிரஷ்

1. ஜன்னலோர டேபிள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான்கு பிரஷ்களைப் பாழாக்கினேன். அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அங்கேதான் பிள்ளையார் சுழி.

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு மால், இரண்டாவது மாடியில் நகத்துக்கு நிறம் பூசும் சலூன். கண்ணாடிச் சுவரை ஒட்டி ஆறு நெயில் டேபிள்கள். எனக்குக் கிடைத்தது ஜன்னலோரத்துக் கடைசி டேபிள். பிரேசர் டவுனிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்த களைப்பில், வெளிச்சமும் காற்றோட்டமுமாக நல்ல இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது ஜெல் பிரஷ்களைத் துடைத்து, மூடி போடாமல், ஜன்னல் கட்டையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனேன். என்ன ஒழுங்கு என்று எனக்கே ஒரு பெருமை. திரும்பி வந்தால் நான்கும் தீக்குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தன.

சாதா நெயில் பாலிஷ் காற்றில் காயும். ஜெல் காற்றில் காயாது. யூவி வெளிச்சம் பட்டால்தான் இறுகும், அதற்குத்தான் லேம்ப். லேம்பில் இருப்பது வெயிலிலும் இருக்கிறது. என்னதான் துடைத்தாலும் முடிகளுக்கு நடுவே கொஞ்சம் ஜெல் நிற்கும், வெயில் பட்டால் அது கல்லாகிவிடும். இதெல்லாம் கோர்ஸில் சொல்லிக் கொடுத்ததுதான். நான் எழுதியும் வைத்திருந்தேன். எழுதியது நோட்டில் இருந்தது, புத்தியில் இல்லை.

கடை முதலாளி வீணா மேடம். மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழில் கன்னடம் கலந்து பேசுவார், குரலை மட்டும் உயர்த்தவே மாட்டார். அதுதான் எங்களுக்குப் பயம். விறைத்துப்போன லைனர் பிரஷ் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஜெஸி, கஸ்டமர் பேர் மறந்தா பரவால்ல. பிரஷ்ஷ மறக்கக் கூடாது. இன்னொரு தடவ பிரஷ்ஷுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ இந்த டேபிள்ல இல்ல, ரிசெப்ஷன்ல."

அன்றைக்குப் பிடித்த பயம்தான். அதற்கப்புறம் பிரஷ்களை நான் பார்த்துக்கொண்ட மாதிரி என் பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை.

2. கார்மென்ட்ஸில் பழகிய முறுக்கு

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் கார்மென்ட்ஸில் இருந்தேன். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின். ஒரே நேரத்தில் நான்கு நூல் ஓடும், நாளெல்லாம் ஏதாவது ஒன்று அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த நூலின் நுனியை நாக்கில் தொட்டு, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. ஊசிக் காதுக்குள் நேராகப் போய்விடும். சூப்பர்வைசர் தலைக்கு மேல் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பேன். யூனிட்டை மூடிவிட்டார்கள். ஆறு வார நெயில் கோர்ஸ் படித்து இந்தப் பக்கம் வந்தேன். அந்த முறுக்கையும் கூடவே எடுத்து வந்துவிட்டேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லைனர் பிரஷ் என்பது கோடு போடும் பிரஷ். நீளமாக, மெல்லிசாக, பத்துப் பதினைந்து முடி இருந்தால் அதிகம். ஜெல்லில் தோய்த்ததும் முனை இரண்டாகப் பிரிந்துகொள்ளும். பிரிந்த முனையால் போட்டால் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு விழும். நான் என்ன செய்தேன்? அதே இரண்டு விரல், அதே முறுக்கு. நாக்கில் தொடவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. முனை ஊசியாக நின்றது. பிரஷ்ஷுக்கும் நல்லது, முடி வளையாமல் இருக்கிறது என்று நானே எனக்கு சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். இதைப் படிக்கும் நெயில் டேபிள்காரர்களே, உங்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

சும்மா சொல்லக் கூடாது, கோடு அப்படி விழுந்தது. பிரஷ்ஷின் முனையால் எழுதப் பார்ப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தப்பு. முனையால் எழுதினால் கை நடுங்குவதெல்லாம் நகத்தில் தெரியும். பிரஷ்ஷைப் பாதிவரை நகத்தில் படுக்க வைத்து, அழுத்தாமல், தன்பக்கம் இழுக்க வேண்டும். வளைவு வரும் இடத்தில் நம் கையைத் திருப்பாமல் கஸ்டமரின் விரலை உருட்ட வேண்டும். இது எனக்குத் துணியை மெஷினில் திருப்பிப் பழகியதால் சுலபமாக வந்தது. இரண்டு வருஷத்தில் "ஜெஸி கோடு வேணும்" என்று கேட்டு புக் பண்ண ஆரம்பித்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. நகத்தின் ஓரத்தில் ஜெல் தோலுக்கு வழிந்தால், லேம்பில் வைப்பதற்கு முன் ஆரஞ்சு மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு நேரமாகும். நான் பெருவிரலாலேயே ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். க்ளவுஸ் பெட்டி டேபிள் மேலேயே இருந்தது. "க்ளவுஸ் போட்டா பிரஷ் பிடிபடாது" என்று சொல்லிச் சொல்லியே அதைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

3. எறும்பு எழுத்து

மூன்றாவது வருஷம் இடது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் அரிக்க ஆரம்பித்தன. பிறகு தோல் தடித்து, வெடித்து, உப்புப் பட்டால் உயிர் போகும். மற்ற எட்டு விரலும் நன்றாக இருந்தன. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? பாத்திரம் தேய்க்கும் பவுடர் என்றேன். பூண்டு உரித்தது என்றேன். ஒருநாள் கண் இமை வீங்கியது, காஜல் சரியில்லை என்று தூக்கிப் போட்டேன். வாரம் ஒருநாள் லீவில் ஆறும். வேலைக்கு வந்த மறுநாள் சாயங்காலம் திரும்பி வரும்.

ஒருநாள் ஜெல் பாட்டிலின் பின்பக்கத்தை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் நாலைந்து மருந்துப் பெயர்கள், கீழே ஒரு வரி: தோலில் படக் கூடாது, அலர்ஜி வரலாம். மூன்று வருஷமாக தினமும் கையில் எடுத்த பாட்டில். அன்றைக்குத்தான் அதன் முதுகைப் பார்க்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். லேம்பில் இறுகிய ஜெல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இறுகாத ஜெல்தான் தோலில் ஊறி வேலை காட்டும். ஒருநாளில் காட்டாது, மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் சேர்த்து வைத்துக் காட்டும். என் இரண்டு விரலும் தினமும் குளித்ததே அந்த இறுகாத ஜெல்லில்தான்.

தெரிந்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. கார்மென்ட்ஸுக்குத் திரும்பிப் போக வயதில்லை. விரல் இப்படி என்று தெரிந்தால் மேடம் டேபிளிலிருந்து எழுப்பிவிடுவார். அந்தக் கோடு போனால் என்னிடம் என்ன இருக்கிறது? தோல் நிற டேப்பை இரண்டு விரலிலும் சுற்றிக்கொண்டேன். கேட்டவர்களிடம் கத்தி பட்டது என்றேன். ஆறு மாசம் தினமும் காய்கறி நறுக்கும்போது கத்தி படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்படியும் முறுக்குவதை விடவில்லை. டேப் மேலேயே முறுக்கினேன்.

4. காயத்ரி

காயத்ரி ஈரோட்டுப் பெண். பக்கத்து டெக் பார்க்கில் வேலை, பீஜி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இரண்டு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை என் டேபிளுக்குத்தான் வருவாள். வேறு யாரும் தொடக் கூடாது. வந்து உட்கார்ந்தால் ஆபீஸ் கதை, ஊர்க் கதை, மாப்பிள்ளை பார்த்த கதை எல்லாம் கொட்டுவாள். எனக்கும் அவள் மேல் தனி வாஞ்சை.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்தாள். முகூர்த்தப் புடவையின் பார்டரை போட்டோ எடுத்து வந்திருந்தாள். அந்த பார்டரில் இருக்கும் கோபுர வரிசை அப்படியே இரண்டு மோதிர விரலிலும் தங்கக் கோட்டில் வர வேண்டும், மற்ற விரல்களில் அரக்கு நிறம். கையில் மருதாணிகூட அப்புறம்தான், முதலில் ஜெஸி அக்காவின் கோடு என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கையை நீட்டினாள். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து, பொரிப்பொரியாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே பீஜியில் சோப்பு மாற்றிவிட்டார்கள், அதனால்தான் என்றாள். ஒரு மாசமாக அரிக்கிறதாம். டேப் சுற்றிய விரல்களை மடக்கி டேபிளுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

வீணா மேடமும் பார்த்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டிடர்ஜென்ட் அந்த ஹேளு" என்றார். டிடர்ஜென்ட் என்று சொல்லிவிடு என்று அர்த்தம். பிரைடல் பேக்கேஜ், கூடவே அவள் தோழிகள் மூன்று பேரும் புக் பண்ணியிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது டிடர்ஜென்டாகத்தான் தெரிந்தது. வேறு மாதிரி தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். காயத்ரியே எனக்கு வழி செய்து கொடுத்தாள். "பன்னண்டு நாள்தானுங்கக்கா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் டாக்டரப் பாத்துக்கலாம்" என்றாள். மேடம் சரி என்கிறார், கஸ்டமர் சரி என்கிறாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பழைய ஜெல்லை மெஷினால் அரைத்து எடுக்க அவள் விரலைப் பிடித்தேன். எப்போதும் பிடிக்கிற மாதிரிதான். என் பெருவிரல் அவள் நகத்தின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அவள் தோலில் பொரி அதிகமாக இருந்ததும் அந்த ஓரம்தான். அடுத்த விரலைப் பார்த்தேன், அங்கேயும் வலது ஓரம். பத்து விரலிலும் நான் இழுத்துத் துடைக்கிற ஓரம்தான் சிவந்திருந்தது. இடது பக்கம் லேசாக மட்டும் இருந்தது. சோப்பு ஓரம் பார்த்தா வரும்?

மெஷினை அணைத்தேன். என் விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். அது பிரியும்போது தோலும் கொஞ்சம் வந்தது. அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"காயத்ரி, இது சோப்பு இல்ல. ஜெல்லு. எனக்கு வந்திருக்கு பாரு. நான் வெரலால தொடைச்சதுலதான் உனக்கும் வந்திருக்கு. இன்னிக்கு இதப் போட மாட்டேன். நீ ஸ்கின் டாக்டர்கிட்ட போ."

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்கக்கா?"

"ஆறு மாசமா."

"இந்த ஆறு மாசத்துல நான் எத்தன தடவ வந்தேன்?"

எட்டுத் தடவை. எனக்கு நன்றாகத் தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புடவை பார்டரின் போட்டோவை என் டேபிளிலேயே விட்டுவிட்டாள்.

5. ரிசெப்ஷன்

மறுநாள் அவளிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ். டாக்டர் கேட்கிறார், அந்த ஜெல்லில் என்னென்ன இருக்கிறது என்று. வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் ஆறு மாசம் போனில் ஒளித்து வைத்திருந்த அந்த பாட்டில் முதுகுப் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

வீணா மேடத்திடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். முழுக்கக் கேட்டார். பேக்கேஜ் போனதைப் பற்றி அவர் பேசவே இல்லை. "கஸ்டமர்கிட்ட சொன்னது தப்பில்ல. என்கிட்ட ஆறு மாசம் சொல்லாததுதான் தப்பு" என்றார். முதல் நாள் எச்சரித்தபடியே செய்தார். என்னை ரிசெப்ஷனில் உட்கார வைத்தார். அதற்கு முன்னால் லீவு கொடுத்து டாக்டரிடமும் அனுப்பினார்.

என் முதுகில் வரிசையாக மருந்து ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் இருக்கச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தபோது ஜெல்லில் இருக்கிற மருந்து ஒட்டிய இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. இந்த அலர்ஜி இனி போகாது, பல் அடைக்கும் மருந்திலும் இதே சாமான் இருக்கும், அங்கே போனால்கூட முன்கூட்டியே சொல்லிவிடு என்றார் டாக்டர். தொழிலை விட்டுவிடுவது நல்லது, விட முடியாதென்றால் ஒரு துளிகூடத் தோலில் படக் கூடாது என்றார். விட்டால் சோத்துக்கு என்ன வழி என்று அவரிடமே கேட்டேன். அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

இரண்டு மாசம் ரிசெப்ஷனில் போன் எடுத்தேன். "ஜெஸி கோடு வேணும்" என்று கேட்பவர்களுக்கு, ஜெஸி லீவில் இருக்கிறாள் என்று ஜெஸியே சொன்னாள். விரல் ஆறியது. ஆறியதும் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் நைட்ரைல் ரப்பர் க்ளவுஸ் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நகங்களில் கோடு போட்டுப் பார்த்தேன். ஓவர்லாக் மெஷினில் முதல் நாள் உட்கார்ந்தபோதுகூட அவ்வளவு கேவலமாக என் கை வேலை செய்ததில்லை. கோடு கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்தது. ஒருநாள் பாத்ரூமில் போய் அழுதேன்.

முறுக்கு இல்லாமல் முனையைக் கூராக்க வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது, நீங்கள் இதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். பிரஷ்ஷை, ஜெல் எடுத்து வைக்கும் பேலட் தட்டின் ஓரத்தில் நன்றாகச் சாய்த்து, காம்பை உருட்டிக்கொண்டே தன்பக்கம் இழுங்கள். முடிகள் தாமாகவே ஒன்று சேரும். அதிக ஜெல் எடுத்திருந்தால் பிரியும், அப்போது பஞ்சு ஒட்டாத துணியில் ஒருமுறை படுக்க வைத்து எடுங்கள். விரலுக்கு அங்கே வேலையே இல்லை. ஓரத்தில் வழிந்தால் குச்சி. க்ளவுஸில் ஜெல் பட்டால் உடனே கழற்றி வேறு மாற்றுங்கள், கொஞ்ச நேரத்தில் அது க்ளவுஸுக்குள்ளும் இறங்கும். மூன்றாவது மாசம் வீணா மேடம் என் பிளாஸ்டிக் நகங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆய்த்து, சரியாச்சு, டேபிளுக்குப் போ" என்றார். எல்லா டேபிளிலும் க்ளவுஸ் கட்டாயம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

6. மணிக்கட்டு

காயத்ரி வந்தது அதற்கும் இரண்டு மாசம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில். கழுத்தில் தாலி, கையில் ஒன்றும் இல்லை, நகம் வெறும் நகம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள். தோல் சுத்தமாக ஆறியிருந்தது.

"உங்க கையக் காட்டுங்க" என்றாள். க்ளவுஸைக் கழற்றிக் காட்டினேன். இரண்டு விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் சாதா பாலிஷ் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார், அதைப் போடுங்கள், கோபுரமும் போடுங்கள் என்றாள். அந்த பார்டர் போட்டோ என் டிராயரிலேயே இருந்தது. எடுத்து வைத்தேன். அப்போதுதான் முதல்தடவை லேசாகச் சிரித்தாள்.

அரக்கு நிறம் அடித்து, கொஞ்சம் காய விட்டு, புது க்ளவுஸ் மாட்டிக்கொண்டு, புது லைனர் பிரஷ்ஷைத் தங்க நிறத்தில் தோய்த்தேன். சாதா பாலிஷ் சீக்கிரம் காயும், கோட்டுக்கு அவ்வளவாக ஒத்துழைக்காது. இவளுக்கு இந்தக் கோடு சரியாக வர வேண்டும் என்று அவ்வளவு ஆசை. பிரஷ்ஷின் முனை இரண்டாகப் பிரிந்தது.

நான் யோசிக்கவே இல்லை. மூன்று மாசம் பழகியதெல்லாம் எங்கே போனதோ, இடது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்துகொண்டு நேராக முனையை நோக்கிப் போயின. முனைக்கும் விரலுக்கும் நடுவே அரிசி அளவு இடம்தான் இருந்தது. பாலிஷ் முழுக்கக் காயவில்லை என்றுகூடப் பார்க்காமல் காயத்ரி கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா. வெரலு."

அவள் நடுவிரல் பாலிஷ் என் க்ளவுஸில் இழுபட்டுக் கெட்டுப்போனது. அதை அழித்து மறுபடி போட வேண்டியிருந்தது. இரண்டு பேரும் அவசரப்படவில்லை. கோபுரங்கள் எல்லாம் நேராக வந்தன.

பழக்கம் போய்விட்டது என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்வதில்லை. இன்றைக்கும் முனை பிரிந்தால் அந்த இரண்டு விரலும் ஒன்றையொன்று தேடும். அதனால்தான் பக்கத்து டேபிளில் யாராவது முறுக்கப் போனால் நான் வாயால் சொல்வதில்லை, எட்டி மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறேன். என்னையும் அப்படிப் பிடிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம்கூட ஒருதடவை பிடித்தார்கள்.